இரைப்பையில் வரும் அபூர்வக் கட்டிகள்: கேள்வியும் பதிலும்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 58 வயது. மலம் கறுப்பாகப் போனதால் எண்டோஸ்கோப்பி பார்த்தோம். இரைப்பையில் 6 செ.மீ. கட்டி. முதல் பயாப்சியில் ஒன்றுமில்லை என்றார்கள். மறுபடி ஊசி வைத்து எடுத்ததில் ‘ஜிஸ்ட்’ என்கிறார்கள். முதல் லேப் தப்புப் பண்ணிவிட்டதா? அப்பா பிழைப்பாரா?

பதில்: லேப் மேல் தப்பில்லை. வழக்கமான இரைப்பைப் புற்றுநோயான அடினோகார்சினோமா உட்சவ்வில் தொடங்கும். ஜிஸ்ட் அப்படியல்ல; சுவரின் தசை அடுக்கில், குடல் அசைவுக்குத் தாளம் போடும் கஹால் செல்களின் வழியில் வருவது. மேலே நல்ல சவ்வு போர்த்தியிருக்கும், பயாப்சி இடுக்கி அதைத்தான் கிள்ளி வரும். அதனால்தான் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசி செலுத்துகிறோம். ரிப்போர்ட்டில், ஜிஸ்டை அடையாளம் காட்டும் புரதங்களான சி.டி.117, டாக்-1 இரண்டும் பாசிட்டிவ் என்று இருக்கும் (ஸ்கேன் சி.டி. வேறு, இது வேறு, பலர் குழம்புகிறார்கள்).

பிழைப்பாரா என்பதை அளவு மட்டும் சொல்லாது. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று காட்டும் ‘மைட்டோசிஸ்’ எண்ணிக்கையைப் பாருங்கள். இரைப்பையில் 5 முதல் 10 செ.மீ. வரை உள்ள ஜிஸ்டில், 5 சதுர மி.மீ. பரப்பில் மைட்டோசிஸ் 5-க்குள் இருந்தால் நோய் பரவும் வாய்ப்பு ஏறக்குறைய 4 சதவீதம்தான். 5-ஐத் தாண்டினால் 55 சதவீதம். அதே குறைந்த மைட்டோசிஸ் கட்டி சிறுகுடலில் இருந்தால் 24 சதவீதம். ஊசியில் வரும் துணுக்கு சின்னது, அதில் எண்ணிக்கை குறைத்துத் தெரியலாம். முழுக் கட்டியையும் எடுத்தபின் வரும் ரிப்போர்ட்தான் கணக்கு.

ஆபரேஷனில் பெரும்பாலும் முழு இரைப்பையை எடுக்கத் தேவையில்லை. கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் சுவரோடு எடுத்தால் போதும். நிணநீர் முடிச்சுகளையும் வழக்கமாக எடுப்பதில்லை. இளம் வயதில் வரும், எஸ்.டி.எச். என்ற நொதி குறைந்த வகை விதிவிலக்கு. கட்டி உடைந்துவிடக் கூடாது, அதுதான் முக்கியம். உடைந்தால் செல்கள் வயிற்றறைக்குள் சிந்தி, மற்ற எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நோயாளி உயர் அபாயக் கணக்கில் போய்விடுவார். உயர் அபாயத்துக்கு, நோய் திரும்பாமல் தடுக்க, இமாட்டினிப் என்ற மாத்திரை 400 மி.கி. தினம் ஒன்று, 3 ஆண்டு.

கேள்வி: கல்லீரலுக்குப் பரவிய ஜிஸ்டுக்கு அண்ணன் இமாட்டினிப் சாப்பிடுகிறார். இரண்டு மாதத்தில் ஸ்கேனில் கட்டி கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. மருந்தை மாற்றச் சொல்லவா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். மருந்து கேட்கும்போது கட்டியின் உள்ளே செல்கள் செத்து நீர்கோத்து, அளவு கூடியது போலவே தெரியும். ஸ்கேன் டாக்டரிடம் ‘அடர்த்தி குறைந்திருக்கிறதா?’ என்று கேளுங்கள். அடர்த்தி இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. அளவை மட்டும் பார்த்து நல்ல மருந்தை நிறுத்துவது இந்த நோயில் நடக்கும் பெரிய தவறு.

மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா? ‘கிட்’ என்ற மரபணுவின் எக்ஸான் 9 பகுதியில் மாற்றம் இருந்தால் 800 மி.கி. வரை தேவைப்படும். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப் பயன்படாது, அதற்கு அவாப்ரிட்டினிப் என்ற வேறு மருந்து. இமாட்டினிப் மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், கால் குறண்டுதல் சகஜம்.

கேள்வி: ‘மால்ட் லிம்ஃபோமா’ என்று சொல்லிவிட்டு, கீமோ இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். கான்சருக்கு ஆன்டிபயாட்டிக்கா?

பதில்: ஆமாம், அதுதான் சரியான முதல் சிகிச்சை. இந்த லிம்ஃபோமா, அதாவது இரைப்பைச் சவ்வின் நிணச் செல்களில் வரும் புற்று, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியின் தூண்டுதலில் வளர்வது. நோய் இரைப்பையோடு நிற்கும்போது கிருமியை ஒழித்தாலே நான்கில் மூன்று பேருக்குக் கட்டி கரைகிறது. 14 நாள் கோர்ஸை ஒரு வேளை கூட விடாமல் முடியுங்கள். முடித்து 4 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை. அதற்கு 2 வாரம் முன்பே பான்டோப்ரசோல் போன்ற அமில மாத்திரைகளை நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லையென்று வரும்.

கட்டி கரைய ஓராண்டுகூட ஆகலாம், பொறுமை வேண்டும். டி(11;18) மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் கேட்காது. அப்போது 24 முதல் 30 கிரே (கதிர் அளவு) ரேடியேஷன்; பலன் மிக நன்று.

கேள்வி: அம்மாவுக்கு பி12 குறைவு, ரத்தசோகை. இரைப்பையில் அரை செ.மீ. அளவில் நான்கு ‘நியூரோ எண்டோக்ரைன்’ கட்டிகள். இரைப்பையையே எடுக்கணுமா?

பதில்: இவை ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டிகள். நீங்கள் சொல்வது முதல் வகை போல இருக்கிறது. இரைப்பைச் சவ்வு தேய்ந்து அமிலம் நின்றுபோக, காஸ்ட்ரின் ஹார்மோன் ஏறி இந்தக் குட்டிக் கட்டிகளை வளர்க்கிறது. செல் பிரியும் வேகத்தைக் காட்டும் கி-67 எண் 3 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம்; இதனால் உயிர் போவது மிக அரிது. எண்டோஸ்கோப்பி வழியே எடுக்கலாம், பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பி12 ஊசியை மட்டும் விடாதீர்கள். காஸ்ட்ரின் சோதனைக்கு முன், டாக்டரிடம் கேட்டு அமில மாத்திரையை நிறுத்துங்கள். மாத்திரையாலேயே காஸ்ட்ரின் ஏறும்.

காஸ்ட்ரின் சாதாரணமாக இருந்து ஒரே ஒரு பெரிய கட்டி என்றால் அது மூன்றாம் வகை. பரவக்கூடியது, பெரும்பாலும் அறுவை வேண்டும். ‘கார்சினோமா’ என்ற சொல்லும் சேர்ந்தால் முற்றிலும் வேறு நோய், வேகமானது.

கேள்வி: ‘சிக்னெட் ரிங்’ என்றால் கதை முடிந்ததா ஐயா?

பதில்: இல்லை. செல்கள் மோதிரம் போலத் தெரியும் இந்த இரைப்பைப் புற்றை உட்சவ்வளவில் பிடித்துவிட்டால் மற்ற வகைகளைவிட மோசமில்லை. சுவர் முழுக்கப் பரவித் தோல் பை போல இறுகிவிட்டால்தான் கடினம். அப்போது 5 ஆண்டைத் தாண்டுபவர்கள் குறைவு. சி.டி. ஸ்கேனில் வயிற்றறையை மூடிய சவ்வில் பரவியது தெரியாமல் போகும், அதனால் ஆபரேஷனுக்கு முன் லேப்ராஸ்கோப்பி செய்து, வயிற்றறையைக் கழுவிய நீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் இளவயதில் இன்னொருவருக்கும் இதே வகையோ, லோபுலர் மார்பகப் புற்றோ இருந்தால் சி.டி.எச்.1 மரபணுச் சோதனை அவசியம். 1998-இல் நியூசிலாந்தின் ஒரு மவோரி குடும்பத்தில்தான் இந்த மரபணுத் தொடர்பைக் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: இரண்டாவது அபிப்பிராயத்துக்கு எதைக் கொண்டுபோக வேண்டும்?

பதில்: ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்லைடுகளோடு பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். புதிய சாயமோ மரபணுச் சோதனையோ பிளாக்கில்தான் செய்ய முடியும். பையை வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும்.