குத்துச்சண்டையில் 1973 ஜார்ஜ் ஃபோர்மனும் 1988 மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்?
ஃபோர்மன்தான், நான்கு சுற்றுக்குள். டைசன் 178 செ.மீ. உயரம், குனிந்து, தலையை ஆட்டியபடி உள்ளே புகுந்துதான் ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) போட வேண்டும். ஃபோர்மனுக்குப் பிடித்த இரையே அதுதான். இரு கைகளாலும் தோளைத் தள்ளி இடைவெளி உண்டாக்கி, கீழிருந்து மேலே பாயும் அப்பர்கட் குத்து விடுவார். அதே பாணியில் முன்னேறிய ஜோ ஃப்ரேசியர், 1973-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஃபோர்மனிடம் இரண்டு சுற்றுக்குள் ஆறு முறை விழுந்தார்.

ஆனால் டைசன் ஃப்ரேசியரைவிட வேகமானவர், இரு கையிலும் அடி உண்டு, தொடக்கத்திலேயே பாய்வார். 1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தவர். ஃபோர்மனின் அகன்ற வீச்சுகளுக்கு நடுவே ஒரு குறுகிய இடது ஹூக் போதும், கணிப்பு கவிழும். ஐந்து சுற்றைத் தாண்டினால் ஃபோர்மனுக்கு மூச்சு வாங்கும் (1974-இல் கின்ஷாசாவில் முகமது அலியிடம் அப்படித்தான் தோற்றார்). ஆனால் அலியைப் போலக் கயிற்றில் சாய்ந்து காத்திருப்பது டைசனின் சுபாவமே இல்லை. தள்ளுவதை நடுவர் கண்டிப்பாகத் தடுத்தால் மட்டும் என் பந்தயம் மாறும்.