லாவோஸ்: 9 நாளில் லுவாங் பிரபாங்கும் வாட் பூவும் முடியுமா?

கேள்வி: நான், மனைவி, 66 வயது அம்மா மூவரும் ஏப்ரல் முதல் பாதியில் சென்னையிலிருந்து 9 நாள் லாவோஸ் போக நினைக்கிறோம். லுவாங் பிரபாங், வாங் வியெங், வியென்டியான், தெற்கே வாட் பூ என்ற பழைய சிவன் கோயில் நான்கையும் பார்க்க ஆசை. மூவரும் சைவம். அம்மாவுக்கு லேசான மூச்சிழுப்பு உண்டு. தேதி சரியா? எந்த வழியாகப் போவது? விசா, ரயில், பணம் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். இழுப்பு உள்ளவரை ஏப்ரலில் வட லாவோஸுக்கு அழைத்துப் போகக் கூடாது. அடுத்த விதைப்புக்காக மலைச்சரிவுகளில் புதரை வெட்டி எரிக்கும் காலம் அது. பக்கத்து மியன்மாரிலும் வட தாய்லாந்திலும் அதே வேலை நடக்கும். மழை வந்து கழுவும்வரை அந்தப் புகை பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் லுவாங் பிரபாங்கில் எதிர்க்கரை மலைகூட மங்கலாகத் தெரியும். விமானங்கள் தாமதமாவதும் ரத்தாவதும் உண்டு. போதாததற்கு ஏப்ரல் 14-ஐ ஒட்டி அவர்களுக்கும் புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பும் அதுவும் ஒரே சமயத்தில் வருகின்றன. மூன்று நாள் தெருவெங்கும் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவார்கள். பார்க்க அருமைதான், ஆனால் அறையும் ரயில் சீட்டும் கிடைப்பது கஷ்டம்.

பள்ளிப் பிள்ளைகள் உங்களோடு வரவில்லை என்பதால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிக்குள் ஏதாவது 9 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், வாடகை ஏறிவிடும். விடியற்காலையில் குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதுக்கு ஒரு மஃப்ளரும் வேண்டும்.

அடுத்து, நான்கு ஊரில் ஒன்றைக் குறையுங்கள். லாவோஸ் வடக்குத் தெற்காக நீண்ட நாடு. வடபாதிக்கு 2021 டிசம்பரில் சீன எல்லைவரை ரயில் வந்துவிட்டது. சாலையில் பகல் முழுதும் பிடித்த வியென்டியான்–லுவாங் பிரபாங் பயணம் இப்போது சுமார் 2 மணி நேரம். தெற்கே அந்த ரயில் இல்லை. வாட் பூவுக்குப் போக பாக்சே நகரத்துக்குப் போக வேண்டும். அது வியென்டியானிலிருந்து சாலையில் 650 கிலோமீட்டருக்கு மேல். இரவுப் படுக்கைப் பேருந்து உண்டு. ஆனால் ஒடுக்கமான படுக்கையில் ராத்திரி முழுக்கக் குலுங்கிப் போவது உங்கள் அம்மாவுக்கு ஆகாது. உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரச் சொச்சம்தான்.

என் கணக்கில் விட வேண்டியது வாங் வியெங். சுண்ணாம்புக்கல் மலைகள் அழகுதான், ஆனால் அங்கே போகிறவர்கள் போவது ஆற்றில் டியூப் மிதவை, படகு, குகை, மலையேற்றம் இவற்றுக்காக. அம்மா அறை வாசலில் உட்கார்ந்திருக்க நேரிடும். ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. மலைகளை ஜன்னலிலிருந்தே பார்த்துவிடலாம். லுவாங் பிரபாங்கில் 4 இரவு, வியென்டியானில் 1, வாட் பூவுக்குப் பக்கத்து ஊரான சம்பாசாக்கில் 2, திரும்ப வியென்டியானில் 1. கடைசி இரவைக் குறைக்காதீர்கள். உள்நாட்டு விமான நேரங்கள் மாறும். பாக்சேயிலிருந்து வந்த அதே நாளில் ஊர் திரும்பும் விமானம் ஏறத் திட்டமிட்டால் ஒரு தாமதம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. பாங்காக் வழியாக லுவாங் பிரபாங்கில் இறங்கி, வியென்டியானிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுங்கள். தவறு நடக்கும் இடம் பாங்காக். அங்கே சுவர்ணபூமி, டான் முயெங் என்று இரண்டு விமான நிலையங்கள், இரண்டும் நகரத்தின் வெவ்வேறு பக்கங்களில். மலிவாகக் கிடைத்ததென்று ஒன்றில் இறங்கி மற்றதிலிருந்து ஏறும்படி எடுத்துவிட்டால் நெரிசலில் சாலைப் பயணமே இரண்டு மணி நேரம் ஆகலாம். இரண்டும் ஒரே விமான நிலையமாக இருந்தாலும், தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி நேரே போகாது. தாய்லாந்துக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அப்படியானால் அன்றைய தாய்லாந்து விசா விதி உங்களுக்கும் பொருந்தும். இணைய வருகை அட்டையையும் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் போலி. கொஞ்சம் கூட ஆனாலும் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுப்பதே வயதானவரோடு போகும்போது நல்லது.

லாவோஸ் விசாவை இந்தியர்கள் லுவாங் பிரபாங் விமான நிலையத்திலேயே வாங்கலாம், 30 நாள் செல்லும். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் 6 மாத ஆயுள், காலிப் பக்கம், ஒரு புகைப்படம், டாலர். கட்டணம் 40 டாலரை ஒட்டி வரும்; ஆளுக்கு 50 டாலரைச் சில்லறையாக வைத்திருங்கள். நோட்டு புதிதாக இருக்கட்டும். ஓரம் கிழிந்தது, பேனாக் கிறுக்கல், முத்திரைக் கறை உள்ளதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முன்கூட்டியே இ-விசா எடுப்பதானால் அரசுத் தளத்தில் மட்டும் எடுங்கள். அனுமதி கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அதைக் காட்டி நாட்டுக்குள் நுழைந்துவிட வேண்டும், குறிப்பிட்ட நுழைவாயில்களில் மட்டுமே ஏற்பார்கள். இரண்டு பிரதி அச்செடுத்துக்கொள்ளுங்கள். போகும் வாரத்தில் நுழைவுப் படிவ விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சென்னைக் குடியேற்ற அதிகாரி நாலு கேள்வி கேட்டால் பதறாதீர்கள். கணினி வேலை என்று ஆசைகாட்டி, சுற்றுலா விசாவில் கூட்டிப் போய், வட லாவோஸின் தங்க முக்கோணப் பொருளாதார மண்டலத்தில் இணைய மோசடிக் கூடங்களில் நம்மவர்களை அடைத்துவைத்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. வியென்டியானில் உள்ள இந்தியத் தூதரகம் பலரை மீட்டிருக்கிறது. அதனால்தான் விசாரணை. திரும்பும் டிக்கெட்டையும் விடுதிப் பதிவையும் காகிதத்தில் காட்டினால் போதும்.

ரயிலுக்கு வருவோம். நம்மூர் போல 60 நாள் முன்பே எடுத்து வைக்கும் வசதி அங்கே இல்லை. விற்பனை குறுகிய அவகாசத்தில்தான் திறக்கும், நவம்பர்–ஜனவரியில் சீக்கிரமே தீர்ந்தும் விடும். ரயில்வேயின் ஆப்பில் முயலுங்கள். அட்டை நிராகரிக்கப்பட்டால் உங்கள் விடுதியிடமே சொல்லிவிடலாம், சிறு கமிஷனோடு வாங்கித் தருவார்கள். டிக்கெட்டில் பாஸ்போர்ட் எண்ணும் பெயரும் இருக்கும், நுழைவில் ஒப்பிடுவார்கள். நம்மவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவோ, அப்பா பெயர் அதில் ஏறியோ இருக்கும். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதே வரிசையில் எல்லா இடத்திலும் கொடுங்கள், இனிஷியலை நீங்களாக விரிக்காதீர்கள். விடுதிக்கு வாட்ஸப்பில் பெயரைத் தட்டி அனுப்புவதைவிடப் பாஸ்போர்ட் படத்தை அனுப்புவது மேல்.

நிலையத்தில் விமான நிலையம் போலப் பெட்டியை ஸ்கேன் செய்வார்கள். கத்தி, கத்தரிக்கோல், அழுத்த வாயு அடைத்த ஸ்ப்ரே, அதாவது டியோடரண்ட், கொசு ஸ்ப்ரே எல்லாம் பறிபோகும். கொசுவுக்குக் களிம்பு வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் இன்ஹேலரை மருத்துவச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். இரண்டு ஊரிலும் நிலையம் நகரத்துக்கு வெளியே 10 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ரயில் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே விடுதியை விட்டுக் கிளம்புங்கள்.

லுவாங் பிரபாங்கில் வாட் சியெங் தோங் கோயில், இரவுச் சந்தை எல்லாம் சமதளம். பூசி குன்று 300-க்கு மேற்பட்ட படி, அம்மாவுக்கு வேண்டாம். 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள குவாங் சி அருவிக்குக் காலையில் திறந்ததுமே போனால் கூட்டமில்லை. விடியலில் துறவிகள் பிச்சை ஏற்கும் வரிசையை எதிர்ப்பக்கம் நின்று, ஃபிளாஷ் இல்லாமல் பாருங்கள்.

வாட் பூவுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். யுனெஸ்கோ 2001-இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்த இடம். பின்னாலுள்ள மலையின் உச்சியில் பாறை லிங்கம் போல நிற்பதால் அந்த மலைக்கே பழைய கல்வெட்டுகளில் லிங்கபர்வதம் என்று பெயர். கருவறைக்குப் பின்னால் பாறையிலிருந்து கசியும் ஊற்றை வாய்க்கால் வழியே கொண்டுவந்து, லிங்கத்தின்மேல் ஓயாமல் விழும்படி கட்டியிருந்தார்கள். இப்போது உள்ளே இருப்பது புத்தர். மக்கள் கும்பிடும் கோயில் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். பின்பக்கப் பாறையில் மும்மூர்த்திகள் செதுக்கியிருக்கிறார்கள், பலர் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள். நுழைவிலிருந்து குளக்கரை தாண்டிப் பேட்டரி வண்டி போகும். அதன்பின் கல்பாவிய நடைபாதை, பிறகு ஈழத்தலரி மரங்களுக்கு நடுவே செங்குத்தான, ஏற்ற இறக்கமான கல்படிகள். அம்மா கீழ் மண்டபங்களோடு நின்றுகொள்வது நல்லது. பாக்சேயிலிருந்து வருவதைவிடச் சம்பாசாக் ஊரில் தங்கினால் கோயில் பக்கம், வெயிலுக்கு முன் போய்விடலாம்.

சாப்பாட்டில் ஏமாறுவது எளிது. காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், பப்பாளிச் சாலட்டில் நொதித்த மீன். ‘கின் ஜே’ என்றால் சுத்த சைவம் என்று புரிந்துகொள்வார்கள்; ‘போ சை நாம் பா, போ சை படேக்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள், இரண்டு மீன் சமாச்சாரமும் வேண்டாம் என்று பொருள். ஆற்றுப்பாசி அப்பளத்துக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் ஜேவ் போங் என்ற மிளகாய்த் துவையலில் எருமைத் தோல் சேர்ப்பார்கள், தொடாதீர்கள். ஆவியில் வேகவைத்த ஒட்டுச்சோறு பயமில்லாமல் சாப்பிடலாம். லுவாங் பிரபாங்கிலும் வியென்டியானிலும் இந்திய உணவகங்கள் உண்டு. தெற்கே போகும்போது அவல், பருப்புப்பொடி கையில் இருக்கட்டும்.

மது குடிப்பவரானால் மூடியோடு வரும் பீரோடு நிறுத்துங்கள். 2024 நவம்பரில் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த சாராயத்தால் வெளிநாட்டுப் பயணிகள் 6 பேர் இறந்தார்கள்.

ரூபாயை அங்கே மாற்ற நினைக்க வேண்டாம், டாலர் கொண்டுபோய் வங்கியில் அந்நாட்டுப் பணமான கிப் வாங்குங்கள். டாலருக்கு 20,000 கிப்புக்கு மேல் கிடைக்கும்; 1 லட்சம் கிப் நம் பணத்தில் ஏறக்குறைய 400 ரூபாய். அவசரத்தில் 10,000 என்று நினைத்து 1,00,000 நோட்டை நீட்டுவது நடக்கும், பூஜ்யத்தை எண்ணிக் கொடுங்கள். எல்லை தாண்டினால் கிப்பை யாரும் வாங்க மாட்டார்கள். மீதியைக் கிளம்புமுன் செலவழித்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு எடுக்காமல் போகாதீர்கள், அதில் அவசர மருத்துவ இடமாற்றம் சேர்ந்திருக்க வேண்டும். உள்ளூர் மருத்துவ வசதி குறைவு. நிலைமை கடுமையானால் வியென்டியானிலிருந்து எல்லை தாண்டி உடோன் தானிக்கும், பாக்சேயிலிருந்து உபோன் ராட்சதானிக்கும்தான் கொண்டு போவார்கள், இரண்டும் தாய்லாந்து. லுவாங் பிரபாங்கிலிருந்து விமானம்தான் வழி. காப்பீட்டு ஆவணத்தில் லாவோஸோடு தாய்லாந்து பெயரும் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பாருங்கள்.