கண்டெடுத்த போனை அணைத்து வைத்திருப்பவருக்கு

கேள்வி: ஊட்டி பஸ்ஸில் இருக்கைக்கு அடியில் ஒரு விலையுயர்ந்த ஸ்மார்ட்போன் கிடைத்தது. மூன்று நாட்களாக அணைத்து வைத்திருக்கிறேன். யாரிடமிருந்தும் நான் திருடவில்லை. வைத்துக்கொள்வது தவறா?

தவறுதான். குனிந்து எடுத்ததில் ஒரு குற்றமும் இல்லை. அணைத்தீர்களே, அங்கேதான் தவறு தொடங்கியது. இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

நான் கோத்தகிரி பக்கத்தவள். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு, இலை பறித்து ஃபேக்டரிக்குக் கொடுக்கிறோம். ஒரு மே மாதம், ஊரிலிருந்து வந்த உறவினர்களை கோடநாடு காட்சிமுனைக்கு அழைத்துப் போயிருந்தேன். மூடுபனி விலகினால் கீழே மாயாறும் தெங்குமரஹாடா கிராமமும் தெரியும் என்று காத்திருந்தோம். உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு போன் கிடந்தது. சுற்றி நின்றவர்களிடமெல்லாம் கேட்டேன், யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. அங்கே சிக்னலும் இல்லை. பையில் போட்டுக்கொண்டு கோத்தகிரி பஸ்ஸில் ஏறினேன்.

பாதி வழியில் சிக்னல் கிடைத்து போன் அடித்தது. அந்த முதல் அழைப்பை நான் எடுக்கவில்லை.

மகள் அந்த வருடம் கல்லூரிக்குப் போகவிருந்தாள். போன் கேட்டுக்கொண்டிருந்தாள். இதன் விலைக்கு எத்தனை நாள் இலை எடுக்க வேண்டும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. பக்கத்தில் இருந்த நாத்தனார், "அணைத்துவிடுங்கள் அண்ணி, சுற்றுலா வந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு காசா?" என்றாள். என் விரல் அந்தப் பொத்தான் மேல்தான் இருந்தது. மறுபடியும் அடித்தது. எடுத்துவிட்டேன்.

பேசியவர் சுற்றுலா வந்தவர் இல்லை. அவர்களை வேனில் அழைத்து வந்த ஓட்டுநர். பயணி ஒருவரின் போனை இரவல் வாங்கி அழைத்தார். மாதத் தவணை இன்னும் முடியாத போன் அது. அடுத்த சவாரிக்கு அழைப்பு வருவதும், டீசலுக்குப் பணம் கட்டுவதும் அதில்தான். மாலையில் கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு வந்தார். "திறந்து காட்டுங்கள்" என்றேன். கை ரேகை வைத்துத் திறந்தார், கொடுத்தேன். அப்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மணி போய்க்கொண்டே இருந்தது அக்கா, அதனால்தான் மறுபடியும் அடித்தேன். அணைந்திருந்தால் அப்போதே விட்டிருப்பேன்."

நாங்கள் மலையில் இருப்பவர்கள், வருகிறவர்களின் வண்டியையும் உடையையும் பார்த்து எல்லோரையும் பணக்காரர்கள் என்று நினைத்துவிடுகிறோம். போன் யாருடையது என்று அதன் விலையை வைத்துச் சொல்லவே முடியாது. பணக்காரருடையதாகவே இருந்தாலும் அது உங்களுடையதாகிவிடாது.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவில் இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாது, ஒருவன் எடுக்கிறான்: குற்றமில்லை. ஒரு கடிதம் கிடக்கிறது, உள்ளே பணநோட்டு இருக்கிறது, முகவரியைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது, தெரிந்தும் எடுத்துக்கொள்கிறான்: குற்றம். போன் அந்த ரூபாய் இல்லை, கடிதம். முகவரி எழுதிய கடிதம் கூடப் பேசாது. போனோ உரிமையாளரின் குரலையே உங்கள் கைக்குக் கொண்டு வருகிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 314ஆம் பிரிவு. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

பிடிபடுவீர்களா என்றால், பிடிபட வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. தொலைத்தவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணை முடக்கலாம். பிறகு வேறு சிம் போட்டாலும் அந்தப் போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. ஆனால் நான் இந்தப் பயத்துக்காகத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. எங்கோ ஒருவர் இரவல் போனை வைத்துக்கொண்டு தன் எண்ணுக்கே அடித்துக்கொண்டிருப்பார். அவருக்காகச் சொல்கிறேன்.

சிம்மைக் கழற்றியிருந்தால் மறுபடியும் போடுங்கள். இன்றே சார்ஜரில் போட்டு ஆன் செய்யுங்கள். பூட்டைத் திறக்க முயல வேண்டாம், படங்களையும் செய்திகளையும் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. பூட்டியிருந்தாலும் அழைப்பு வரும். யாராவது அழைத்தால், போன் எப்படி இருக்கும், எங்கே தொலைந்தது என்று அவரையே சொல்லவிடுங்கள். நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். நேரில் வந்தால் பூட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மூன்று நாளாகிவிட்டது. அவர் இதற்குள் மாற்று சிம் வாங்கியிருந்தால் பழைய சிம்முக்கு அழைப்பு வராது. இரவு வரை மணி அடிக்கவில்லை என்றால் காலையில் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். எந்தப் பஸ், எந்த நாள், எந்த இருக்கை என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று நாள் அணைத்து வைத்திருந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முதல் அழைப்பை எடுக்கவில்லை என்று அந்த ஓட்டுநரிடம் நானும் சொன்னேன். "எடுத்தீர்களே அக்கா" என்றார்.