ரிலே இருந்தும் வேலை செய்யாவிட்டால்?

கேள்வி: 2012-ல் வட இந்தியா இருண்டபோது தமிழ்நாடு எப்படித் தப்பித்தது? இனியும் தப்பிக்குமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அப்போது தென்னகக் கிரிட் (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்வலை) தனி அதிர்வெண்ணில், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற தனிக் கணக்கில் ஓடியது. வடக்கோடு நேர்மின்னோட்ட இணைப்பு மட்டும்தான்; அது மின்சாரத்தைக் கடத்தும், துடிப்பை இணைக்காது. அதனால் ஜூலை 31-ல் சுமார் 60 கோடி பேர் வாழும் பகுதி இருண்டும் நமக்கு விளக்கு எரிந்தது. 2013 டிசம்பர் 31-ல் ரெய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை நம்மையும் அதே கிரிட்டில் சேர்த்துவிட்டது. இப்போது நாடு முழுக்க ஒரே துடிப்பு, அது 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்பது விதி.

நான் லோடு டெஸ்பாட்ச் சென்டரில் (மின் உற்பத்தியையும் தேவையையும் சமன்படுத்தும் கட்டுப்பாட்டு மையம்) ஷிப்ட் பார்த்தவன். தேவை உற்பத்தியை மிஞ்சி அதிர்வெண் சரிந்தால், கிரிட் முழுதும் விழாமலிருக்க, சில ஃபீடர்களை (ஊர்களுக்குப் போகும் மின்பாதைகளை) தானாகவே துண்டிக்க ரிலே என்ற கருவிகள் உண்டு. ஒருமுறை ஒரு துணைமின் நிலையத்துக்குச் சோதனைக்குப் போனேன். ரிலே பளபளவென்று இருந்தது, பதிவேட்டிலும் 'சரி' என்று கையெழுத்து. பின்னால் பார்த்தால், துண்டிக்கும் கட்டளையைக் கொண்டுபோகும் டிரிப் வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்தார்கள்! கரண்ட் போனால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் வயரை மாட்டிய பிறகுதான் கிளம்பினேன்.

2012 விசாரணையிலும் இதே குறைதான் வெளிவந்தது: ரிலேக்கள் தர வேண்டிய சுமைக்குறைப்பு போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில், அந்த வயர்கள் மாட்டியிருந்தால் தப்பிக்கலாம் அம்மா.