ஏற்காட்டில் அமைதியாக இரண்டு இரவு: எந்த வாரம், எந்தப் பக்கம், எப்படி ஏறி இறங்குவது?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறோம். நான், கணவர், 7 வயது மகள், மூட்டுவலி உள்ள 71 வயது மாமியார். மே மாதம் ஏற்காடு போய், பாதி நாள் வாகன வரிசையிலும் மீதி நாள் படகு இல்லத்து வரிசையிலும் கழிந்தது. செப்டம்பரில் போனால் அமைதியாக இருக்குமா? எங்களிடம் இருப்பது 1 லிட்டர் எஞ்சின் உள்ள பழைய கார். மழையில் மலைப்பாதையை நினைத்தால் பயமாக இருக்கிறது. மகளுக்கு வளைவுகளில் வாந்தி வரும்.

பதில்: செப்டம்பர் நல்ல தேர்வுதான். ஆனால் மாதத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஏற்காட்டில் கூட்டத்தைத் தீர்மானிப்பது கிழமையும் நேரமும்தான். சேலத்திலிருந்து 30 கி.மீ. சொச்சம் என்பதால் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுபவர்களே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெரும்பகுதி. ஞாயிறு பகல் 11 முதல் மாலை 5 வரை ஏரிக்கரையில் எந்த மாதமும் அமைதி கிடைக்காது. அதே ஏரிக்கரை இரவு 7 மணிக்குக் காலியாக இருக்கும்.

அதனால் சனி, ஞாயிறு இரண்டு இரவும் தங்குங்கள். சனிக்கிழமை காலை 6.30க்குக் கிளம்பி, திங்கள் காலை 6 மணிக்கு இறங்கினால் 7.30க்குள் வீடு சேரலாம், மகள் பள்ளிக்கும் போகலாம். திங்கள் காலை பனிமூட்டம் அடர்த்தியாக இருந்தால் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வெளுத்த பிறகு இறங்குங்கள். ஞாயிறு மாலை 4 முதல் 7 மணி வரை இறங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. மே மாத வரிசை அப்போது சிறிய அளவில் திரும்பவும் வந்துவிடும்.

வாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளி நாட்காட்டியை முதலில் பாருங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை செப்டம்பர் கடைசியில் தொடங்கி காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை என்று நீளும். அந்த நாட்களில் ஏற்காடு மே மாதம் போலத்தான். செப்டம்பர் முதல் மூன்று வாரங்களில் நீண்ட விடுமுறை சேராத ஒன்றை எடுங்கள். அது தவறினால் பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி பாதி வரை போகலாம். குளிர் கூடுதல், ஆனால் வானம் தெளிவு. காட்சிமுனைகளுக்காகவே போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை அதுதான்.

அறையை ஏரியைச் சுற்றி எடுக்காதீர்கள். கடை, ஹாரன், பஜ்ஜிக் கடைக் கூட்டம் எல்லாம் அங்கேதான். நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற ஊர்ப் பக்கங்களில், காபித் தோட்டங்களை ஒட்டிய தங்கும் வீடுகளைப் பாருங்கள். சீசன் இல்லாதபோது விலை பேசலாம். குறிப்பாக ஞாயிறு இரவுக்கு வார நாள் வாடகையைக் கேளுங்கள், பல இடங்களில் இறங்கி வருவார்கள்.

முன்பணம் அனுப்புமுன் போனில் கேட்க வேண்டியவை சில உண்டு. கடைசி ஒரு கிலோமீட்டர் தார்ச்சாலையா, மண்சாலையா? உங்கள் காருக்கு இதுதான் முதல் கேள்வி. மழையில் நனைந்த செம்மண் ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு சிறிய கார் சறுக்கும், சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். அடுத்து, அறை தரைத்தளமா, எத்தனை படி, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று மாமியாருக்காகக் கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் விளக்கு மட்டும் எரியுமா, கீசரும் ஓடுமா? சுவரில் ஓதம் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அதனால் அறையின் படத்தை அன்றே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழை மாதங்களில் பூட்டியே கிடந்த அறையில் மெத்தையும் கம்பளியும் ஈரவாடை அடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. இரவுச் சாப்பாட்டை மதியமே சொல்லிவிட வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால், சைவமா அசைவமா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே உதவாது, இரண்டு மூவாயிரம் ரூபாய் ரொக்கமாக வைத்திருங்கள்.

செப்டம்பர் மழை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பிறகு இடியோடு வரும். எனவே வெளியே சுற்றுவதை 12 மணிக்குள் முடித்துவிடுங்கள். சனிக்கிழமை ஏறியவுடன் அறைக்குப் போகாமல் நேரே லேடீஸ் சீட் காட்சிமுனை, பிறகு பகோடா பாயிண்ட் காட்சிமுனை. கூட்டம் வருவதற்குள் இரண்டும் முடிந்துவிடும். மேகம் மறைத்திருந்தால் அரை மணி காத்திருங்கள், திடீரென்று விலகும். மழை பெய்து ஓய்ந்த இரவில் லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்தின் விளக்குகள் நன்றாகத் தெரியும்.

சேர்வராயன் கோயிலுக்கு, 1,600 மீட்டருக்கு மேல் உள்ள உச்சிக்கு அருகில் வரை, கார் போகும் என்பதால் மாமியாருக்குச் சிரமமில்லை. சன்னதி இருக்கும் குகைக்குள் மட்டும் குனிந்து நுழைய வேண்டும். கிளியூர் அருவிக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள், இறங்கும் படிகள் செங்குத்து, ஈரத்தில் வழுக்கும். அந்த அருவிக்கு வருவது ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர். ஏரி நிறையாத ஆண்டில் செப்டம்பரில் பாறைதான் தெரியும். போகுமுன் உள்ளூரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஞாயிறு பகலில், ஊரே ஏரிக்கரையில் நெரியும்போது, லூப் ரோடு என்று எல்லோரும் சொல்லும் 32 கி.மீ. சுற்றுச்சாலையில் மெல்ல ஓட்டிப் போங்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே பச்சைக் காயோடு காபிச் செடி. அறுவடை நவம்பர் வாக்கில்தான் தொடங்கும். செப்டம்பரில் யாராவது ‘புதுக் காபி’ என்று விற்றால் அது போன அறுவடைக் கொட்டை. புதிதாக வறுத்ததா என்று மட்டும் பாருங்கள்.

சேலத்தைவிட ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். வெப்பம் 7, 8 டிகிரி குறையும், ஈரக்காற்றில் அதற்கும் மேல் குளிரும். மூட்டுவலிக்காரருக்குக் கம்பளி சாக்ஸ் அவசியம்.

இனி மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மகளுக்குக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும், பால் வேண்டாம். பின்சீட்டில் நடுவில், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி பெல்ட் போட்டு உட்காரட்டும். கையில் போன் கூடாது. மாத்திரை தருவதானால் அளவை மருத்துவரிடம் கேட்டுத் தாருங்கள்.

நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய 1 லிட்டர் கார் வளைவில் திணறும். கியரை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் கியர் மாற்றத் தடுமாறினால் எஞ்சின் நின்று வண்டி பின்னால் உருளும். ஏ.சி.யை அணைத்தால் இழுவை கொஞ்சம் கூடும். மேலிருந்து பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள், அதற்கு வளைவின் முழு அகலமும் வேண்டும்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் வெள்ளைச் சுவராகத் திரும்பி முகத்தில் அடிக்கும், லோ பீம் மட்டுமே. நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஓட்டினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. கண்ணாடி உட்புறம் மங்கினால் ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.

சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தொடர்மழையில் ஊறிய சரிவு, மழை விட்ட பிறகும் சரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண்சரிந்து போக்குவரத்தே நின்றது. குப்பனூர் வழியும் உண்டு. அதில் வளைவுகள் குறைவு, ஆனால் சுற்று, ஆள் நடமாட்டமும் குறைவு, பகலில் மட்டும் போங்கள்.

இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மேலே போகாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்கு என்று ஓட்டுநர்கள் சொல்வது இதற்குத்தான், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்கள் பிரேக் பேடைக் கருக்குகிறார்கள். பிரேக்கை அழுத்தியே வைத்திருக்காமல், அழுத்தி விடுங்கள், தேவைப்பட்டால் மறுபடி அழுத்துங்கள். கருகல் வாடை வந்தாலோ, மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, அகலமான சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். ஆறிய பிறகும் மிதி மென்மையாகவே இருந்தால் ஓட்டாதீர்கள், அடிவாரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழையுங்கள்.