மேய்கிற கோழிக்குக் கிளிஞ்சல் எதற்கு?

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "காபித் தோட்டத்தில் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் பகலெல்லாம் மேய்கின்றன. காலையில் பழைய சோறும் குருணையும் போடுகிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஓடு மெலிந்து, சில தோல் முட்டையாகவே விழுகின்றன. மேய்கிற கோழிக்கும் சத்து டானிக் வேண்டுமா?"

டானிக் வேண்டாம். கிளிஞ்சல் வாங்குங்கள்.

காபிச் செடிக்கு எதற்காகச் சுண்ணாம்பு போடுகிறீர்களோ, அதே காரணம்தான். பழனி மலை மண்ணின் சுண்ணாம்புச் சத்தை மழை காலங்காலமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது அமில மண். அங்கே மேய்கிற கோழிக்குப் பூச்சியும் கீரையும் தாராளமாகக் கிடைக்கும், கால்சியம் கிடைக்காது. ஒரு நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டில் மட்டும் சுமார் ஒன்றரை கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும் என்பதால், முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு மூன்று கிராமாவது உள்ளே போக வேண்டும். சோற்றிலும் குருணையிலும் அது பெயருக்குத்தான் இருக்கிறது. போதாததற்கு, வாரக்கணக்கில் மூடுபனி நின்றால் வெயிலால் கிடைக்கும் வைட்டமின் டி குறைந்து, தின்ற கால்சியமும் சரியாகச் சேராது.

கிளிஞ்சலை நொய் அளவுக்கு உடைத்து, கோழிகள் அடையப் போகும் முன் தனிச் சட்டியில் வையுங்கள். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. மாவாக இடித்தால் அதற்குள் கரைந்து போய்விடும். தீவனத்தில் கலக்க வேண்டாம். கால்சியம் கூடினால் குஞ்சுக்கும் சேவலுக்கும் சிறுநீரகம் கெடும். தேவைப்படும் கோழி தானே வந்து கொத்தும். முட்டை ஓட்டை வறுத்து நொறுக்கியும் வைக்கலாம். ஓடைக் கல் இரை அரைக்க உதவும், ஓட்டுக்கு உதவாது. வெற்றிலைச் சுண்ணாம்பை மட்டும் வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.

அப்புறம் அந்தப் பழைய சோறு. காலையிலேயே தீனிப்பை நிறைந்த கோழி எதற்காக மேயப் போகும்? அதை நிறுத்திவிட்டு, மாலையில் கோழிக்கு 40, 50 கிராம் முட்டைக்கோழித் தீவனம் போடுங்கள். அதில் 16 முதல் 18 சதவீதம் புரதம் உண்டு, வைட்டமின் டி3-உம் சேர்த்திருப்பார்கள். குஞ்சுகள் இருந்தால் அவற்றை அண்ட விடாதீர்கள். மலிவு என்று 50 கிலோ மூட்டையாக வத்தலக்குண்டிலிருந்து ஏற்றி வந்தால் உங்கள் கணக்குக்கு மூன்று மாதம் கிடக்கும். மலை ஈரத்தில் பூசணம் பிடித்தால் அதுவே விஷம். கடலைப் புண்ணாக்கில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சௌசௌ, கேரட் கழிவு தாராளமாகப் போடலாம், மருந்தடித்ததாக இல்லாமல் இருந்தால் சரி. ஆனால் உங்கள் பக்கம் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் பட்டர் ஃப்ரூட்டைக் கோழிக்கு வெட்டிப் போடாதீர்கள். நமக்குச் சத்தான அந்தப் பழம் பறவைகளுக்கு ஆகாது. தோலும் கொட்டையும் அதைவிட மோசம்.

மூன்று வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் ஓடு மெலிந்தோ சுருங்கியோ வந்தால் காரணம் தீனி இல்லை, நோயாக இருக்கலாம். முட்டையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.