பச்சை மண்டலத்துக்குப் பூட்டு எதற்கு?

கேள்வி: 2020 ஏப்ரல் முடியும் வரை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்குக்கூடக் கொரோனா இல்லை. எங்கள் தருமபுரியிலும் பெரிதாக ஒன்றுமில்லை. அப்படியிருக்க மார்ச்சிலேயே ஊரைப் பூட்டி, பிழைப்பைக் கெடுத்து, மளிகை வாங்கப் போனவனை லத்தியால் அடித்தது என்ன பொதுச் சுகாதாரம்? நீங்களோ அந்த நாட்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் அரசுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறீர்கள். இனி ஒரு தொற்று வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் அரசு சொல்வதைக் கேட்கப் போவதில்லை. என்ன சொல்கிறீர்கள்?
— வாசகர் ஒருவர், பாப்பாரப்பட்டி

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் பாதி, கோபம் பாதி. கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. நியாயத்தில்தான் தகராறு.

முதலில் அந்தப் பச்சை மண்டலத்தை, அதாவது தொற்று இல்லாத மாவட்டத்துக்கு அரசு வைத்த பெயரைப் பார்ப்போம். 2020 ஏப்ரல் 30 தேதியிட்ட மத்திய சுகாதார அமைச்சகத்தின் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு 12 சிவப்பு மாவட்டங்கள், 24 ஆரஞ்சு மாவட்டங்கள், ஒரே ஒரு பச்சை. அந்த ஒன்று கிருஷ்ணகிரி. மாவட்டமே மார்தட்டிக்கொண்டது, தட்டிய கை இறங்குவதற்குள், மே முதல் வாரத்திலேயே, அங்கும் தொற்று பதிவாகிவிட்டது. பட்டியலில் பூஜ்யம் என்று இருந்ததற்கு என்ன பொருள்? அன்றைக்கு யாருக்குப் பரிசோதனை செய்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து அறிகுறி காட்டியவர், தொற்று உறுதியானவரோடு பழகியவர் என்று இவர்களுக்குத்தான் முன்னுரிமை. கடுமையான மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களையும் சோதிக்கலாம் என்ற விதி மார்ச் 20 வாக்கில்தான் வந்தது. கிருஷ்ணகிரியில் அப்போது அரசு மருத்துவக் கல்லூரியும் கிடையாது. அது திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். பரிசோதனைக்கு எடுத்த சளி மாதிரி வெளி மாவட்டத்துக்குப் போய், முடிவு திரும்பி வரவேண்டும். அந்த ஏற்பாட்டில் கிடைத்த பூஜ்யத்தை வைத்துக்கொண்டு நோயே இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை.

சரி, உண்மையிலேயே ஒருவருக்கும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் வாதம் நிற்காது. இந்தக் கிருமி உடம்புக்குள் புகுந்து அறிகுறி தெரிவதற்குச் சராசரியாக ஐந்து நாட்கள், சிலருக்குப் பதினான்கு நாட்கள் வரை ஆகும். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். ஆக, இன்று பதிவேட்டில் ஏறும் எண் போன வாரமோ அதற்கு முந்தைய வாரமோ நடந்த கதை. எண் கூடட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கும் அரசு, வெள்ளம் வடிந்த பிறகு கரை கட்டும் அரசு. இரண்டு மாநிலங்களின் எல்லை உங்கள் பக்கத்து மாவட்டத்தைத் தொடுகிறது. ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் பெங்களூர். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓசூரில் நுழைந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. அந்தச் சாலையில் நோய் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். சீக்கிரம் செயல்பட்டது சரி. இதில் நான் ஒரு அங்குலமும் பின்வாங்குவதாக இல்லை.

ஆனால் உண்மையில் சீக்கிரம் செயல்பட்டார்களா? கேரளத்தில் நாட்டின் முதல் தொற்று உறுதியானது ஜனவரி 30. அதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச அவசரநிலை என்று அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் நோயாளி மார்ச் 7-இல் பதிவானார். ஏழு வாரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. மார்ச் 22 அன்று கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் பிரதமர் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாட்கள் நாடே முடக்கம் என்றார். அவகாசம் நான்கு மணி நேரம். மாநில அரசு பரவாயில்லை. 24 மாலை ஆறு மணி முதல் 144 தடை என்று முதல்நாளே சொல்லியிருந்தது. ஒரு நாள்! பென்னாகரத்திலிருந்து போய் பெங்களூரில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தவருக்கு அந்த ஒரு நாளில் கூலி பாக்கி வாங்க நேரம் இருந்ததா, பஸ்ஸில் இடம் கிடைத்ததா? அவருடைய ரேஷன் கார்டு ஊரில். 1,000 ரூபாயும் இலவச அரிசியும் பருப்பும் அந்தக் கார்டுக்குத்தான். வேறு ஊர்க் கடையில் பொருள் வாங்கும் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அந்த ஆண்டு அக்டோபரில். மார்ச் மாத வயிறு அக்டோபர் வரை பொறுக்குமா? நெடுஞ்சாலையில் மூட்டையோடு நடந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குச் சிறப்பு ரயில் ஓடத் தொடங்கியது மே 1-இல்தான்.

நான் குற்றம் சொல்வது இதைத்தான். சீக்கிரம் கதவை அடைத்ததில் எனக்குப் புகார் இல்லை. உள்ளே யார், வெளியே யார், அவர்களுக்குச் சாப்பாடு எங்கே என்று கேட்காமல் அடைத்ததில்தான் புகார். இந்தப் புத்தி ஒரு தடவையோடு போகவும் இல்லை. ஏப்ரல் 24-இல் சென்னை, கோவை, மதுரை, சேலம், திருப்பூர் மாநகரங்களுக்கு 26-ஆம் தேதி முதல் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். இடையில் கிடைத்த 25-ஆம் தேதி கடைவீதிகளில் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள், கிருமிக்குத் திருவிழா நடத்துகிறார்களோ என்றுதான் நினைத்திருப்பார்கள். பிறகு கோயம்பேடு. மே 5-இல் சந்தையை மூடுவதற்குள் அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று தொற்று போய்ச் சேர்ந்துவிட்டது.

லத்தி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. தோப்புக்கரணம் போட வைத்துப் படம் எடுத்துப் பரப்பியதால் எந்தக் கிருமியும் சாகவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், குறித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. இதற்கெல்லாம் முன்னே நின்ற சட்டங்களில் ஒன்று 1897-இல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் அவசரமாக எழுதிய தொற்றுநோய்ச் சட்டம். மொத்தமே நான்கு பிரிவுகள். அரசுக்கு அதிகாரம், மீறியவனுக்குத் தண்டனை, அதிகாரிக்குப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. அடைபட்டவனுக்கு அரசு என்ன தரவேண்டும் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

சுகாதாரத்தின் பெயரால் ஒரு மனிதனை எப்படி ஒதுக்கலாம் என்பதற்கு உங்கள் பாப்பாரப்பட்டியைவிட வேறு சாட்சி வேண்டாம். சிறையில் பெருநோய் பிடித்த சுப்பிரமணிய சிவாவை ரயிலில் ஏறவிடாமல் தடுத்தார்கள். அவர் கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925-இல் உங்கள் ஊரில்தான் கண்மூடினார். நோய்த்தடுப்பு என்று ஒரு அரசு சொன்னதுமே கைகட்டி நிற்க வேண்டும் என்று உங்கள் ஊர்க்காரரிடம் நான் உபதேசம் செய்வேனா?

பிறகு எதைத்தான் பாராட்டினேன் என்பீர்கள். நான் பாராட்டியது கோட்டையை அல்ல. சுகாதார ஆய்வாளர்களையும் கிராம சுகாதாரச் செவிலியர்களையும். பெங்களூரிலிருந்து இந்தத் தெருவுக்கு யார் வந்தார், எந்தப் பஸ்ஸில் வந்தார், யார் வீட்டில் சாப்பிட்டார் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியவர்கள் அவர்கள். முகக்கவசமே சரியாகக் கிடைக்காத வாரங்களில் அதைச் செய்தார்கள். இந்த மாநிலத்தில் அப்படி ஒரு படை இருப்பதும் தற்செயல் இல்லை. 1939-லேயே தனிப் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. கிருமிநாசினிச் சுரங்கம் என்று ஊர்தோறும் வைத்து மனிதர்கள் மேல் மருந்து தெளித்தார்களே, அது வெறும் வேடிக்கை. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமே வேண்டாம், கெடுதல் என்று சொல்லிவிட்டது. ஆனால் சுரங்கம் திறக்க ரிப்பன் வெட்டினார்கள், புகைப்படம் வந்தது. செவிலியர் கதவைத் தட்டியதைப் படம் எடுக்க யாரும் போகவில்லை.

கேட்கப் போவதில்லை என்கிறீர்கள். கேட்காமல் இருப்பது சுலபம். அதற்கு அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் இப்போதே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தில் அனுமதிக்கப்பட்ட சுகாதார ஆய்வாளர் பணியிடங்கள் எத்தனை, அதில் காலியாகக் கிடப்பவை எத்தனை, வெளியூரில் வேலை செய்யும் கூலித் தொழிலாளர்களின் பட்டியல் வட்டாட்சியரிடம் உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், முப்பது நாளில் பதில் தரவேண்டும். வந்த பதிலின் நகலை எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன். பதில் வராவிட்டால் அதையும் வெளியிடுகிறேன்.